பரண் மேலிருந்த வாலிபால்



போன மாதம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் நடந்தது. பொதுவாக நான் போவதில்லை. இரண்டு மணி நேரம் குப்பை வண்டியையும் தெரு நாய்களையும் பற்றிப் பேசிவிட்டு, ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கலைவார்கள். இந்த முறை என் மனைவி, "சும்மா வீட்ல உட்கார்ந்து பேப்பரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறதுக்கு அங்கயாவது போய்ட்டு வாங்களேன்" என்றாள். போனேன்.

பூங்காவுக்கு ஒரு போர்டு வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் வந்த புது லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடம் இருக்கிறது. சுற்றிலும் கம்பி வேலி, நான்கு சிமெண்ட் பெஞ்சு, நடுவே கொஞ்சம் புல், மிச்சமெல்லாம் மண். அங்கே சாயங்காலம் சில பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், வாக்கிங் போகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று புகார். 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று ஒரு போர்டு வைத்துவிடலாம் என்றார்கள். எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். அதே மூச்சில் ஒருவர் சொன்னார்: "நம்ம காலத்துல எப்படி விளையாடினோம் சார்! இந்தக் காலத்துப் பசங்க எங்க வெளியில வர்றாங்க? எப்பப் பார்த்தாலும் செல்போன், வீடியோ கேம்." அதற்கும் எல்லோரும் தலையை ஆட்டினோம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரே கூட்டத்தில், ஐந்து நிமிட இடைவெளியில், பையன்கள் வெளியே வந்து விளையாடுகிறார்கள் என்று ஒரு புகார், வெளியே வந்து விளையாடுவதில்லை என்று இன்னொரு புகார். இரண்டுக்கும் நான் தலையாட்டியிருக்கிறேன்.

இதைப் பற்றி எழுதுவதற்குமுன் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் பெரிய மகன் பெங்களூரில் இருக்கிறான். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். போகியன்று பழைய சாமான்களைக் கழிப்பதற்காகப் பரண் மேல் ஏறினான். தகர டிரங்குப் பெட்டி ஒன்று கீழே வந்தது. அதற்குள், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, ஒரு அட்டாரி பெட்டி. அட்டாரி 2600. முகப்பில் மரப்பலகை போல் வரைந்த கறுப்புப் பெட்டி, சிவப்புப் பொத்தான் ஒன்று வைத்த இரண்டு ஜாய்ஸ்டிக், நான்கைந்து கார்ட்ரிட்ஜ். மேலாக இருந்த கார்ட்ரிட்ஜின் பெயர் 'ரியல்ஸ்போர்ட்ஸ் வாலிபால்'.

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டி.வி.யில் செருகி விளையாடும் பெட்டி முதன்முதலில் 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பெயர் மேக்னவாக்ஸ் ஒடிஸி. அதை உருவாக்கியவர் ரால்ஃப் பேயர் என்ற எஞ்சினியர். அந்தப் பெட்டியில் சத்தம் கிடையாது, ஸ்கோரும் வராது. திரையில் வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டும்தான். படம் போட்ட பிளாஸ்டிக் தாளை டி.வி. கண்ணாடி மேல் ஒட்டிக்கொண்டு, இது டென்னிஸ், இது ஹாக்கி என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். அதிலேயே வாலிபால் இருந்தது. டென்னிஸில் திரையின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓடும் கோடு, வாலிபாலில் குட்டையாகிவிடும். அதுதான் வலை! அதற்கு மேலாகப் பந்து போக வேண்டும். ஸ்கோரை ஆடுகிறவர்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அட்டாரி 2600 வந்தது 1977இல். அதன் நினைவகம் மொத்தமே 128 பைட். நான் இப்போது எழுதிய இந்த ஒரு வாக்கியத்தைக்கூட அதில் முழுசாக வைக்க முடியாது. ஆட்டக்காரர் உருவம் இரண்டு, குண்டு இரண்டு, பந்து ஒன்று, பின்னணி போக இவ்வளவுதான் அந்தச் சில்லு திரையில் வரையும். கூடுதலாக ஆள் வேண்டுமென்றால் அதே உருவத்தை நகலெடுத்துப் போட வேண்டும். இந்த வசதியை வைத்துக்கொண்டு 1982இல் அட்டாரி கம்பெனி வாலிபால் விளையாட்டை வெளியிட்டது. போட்டிக் கம்பெனியான மேட்டலின் விளையாட்டுகள் பார்க்க நிஜம் போல இருக்கின்றன என்று விளம்பரம் வர, அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த 'ரியல்ஸ்போர்ட்ஸ்' வரிசை.

நிஜமா என்றால், நிஜம்தான், அட்டாரிக்குத் தெரிந்த அளவில். கடற்கரை மணல், நடுவே வலை, ஒரு பக்கத்துக்கு இரண்டு ஆட்கள். ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளினால் இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி சேர்ந்தே நகர்வார்கள். ஆட்டம் போகப் போகப் பின்னால் கடலில் சூரியன் இறங்கும், வானத்தின் நிறம் மாறும்.

எங்கள் வீட்டில் அந்த நிறமெல்லாம் தெரிந்ததில்லை. எங்களுடையது கறுப்பு வெள்ளை டயனோரா டி.வி. வானம் சாம்பலாகி, அப்புறம் கறுக்கும். அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது 1985 கோடையில். மச்சான் துபாயில் இருந்தார். லீவில் வரும்போது மாமியாருக்குப் போர்வை, எனக்கு ஒரு சட்டைத்துணி, என் மகனுக்கு இது. அப்போது அவனுக்கு எட்டு வயது. நான் ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நெமிலிச்சேரியில் (குரோம்பேட்டைப் பக்கத்து நெமிலிச்சேரி இல்லை, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கிறதே, அது) ஒரு மனை வாங்கி, கடன் வாங்கி, இரண்டு அறை கட்டிக் குடிவந்த புதிது. சுற்றிலும் வயல். மனைக்கல் நட்ட பொட்டல். ராத்திரி தவளைச் சத்தம் காதைப் பிளக்கும். மின்சாரம் வரும், ஆனால் வோல்டேஜ் வராது. ஸ்டெபிலைசர் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

இனி எங்கள் நிஜ வாலிபாலுக்கு வருகிறேன்.

எங்கள் தெரு முனையில் காலி மனைகள் ஐந்தாறு சேர்ந்தாற்போல் கிடந்தன. யாரோ மெட்ராஸ்காரர்கள் முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவை. அதைச் செதுக்கி, கல் பொறுக்கி, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பம் நட்டு, சுண்ணாம்பில் கோடு போட்டு, நாங்களே ஒரு கோர்ட் அமைத்தோம். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். வலை உயரம் 2.43 மீட்டர், அதை அளப்பதற்கென்றே ஒரு மூங்கில் கழியில் கோடு கீறி வைத்திருந்தோம். தொழிற்சாலையில் நூலளவு பிசகாமல் வேலை செய்கிற ஆட்கள், சும்மா இருப்போமா? முதல் ஷிப்ட் முடிந்து சி.டி.எச். ரோட்டில் சைக்கிளை மிதித்து வந்ததும், லுங்கியை அவிழ்த்து டிரவுசரோடு இறங்கிவிடுவோம். நான் லிஃப்டர். தூக்கிக் கொடுப்பது என் வேலை. ஸ்மாஷ் அடிக்கிறவனுக்குத்தான் கைதட்டல் கிடைக்கும், ஆனால் பந்து எங்கே ஏறி நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவன் லிஃப்டர்தான். இதை நான் சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

நம் ஊரில் வாலிபாலுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பந்து ஒன்று, வலை ஒன்று, கொஞ்சம் மண் தரை இருந்தால் பன்னிரண்டு பேர் விளையாடலாம். வில்லியம் மார்கன் என்பவர் 1895இல் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ.வில் இதை உண்டாக்கினார். நம் நாட்டுக்கும் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் மூலமாகவே வந்தது. 1920இல் சென்னையில் ஹாரி க்ரோ பக் ஆரம்பித்த உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன டிரில் மாஸ்டர்கள் ஊர் ஊராக விளையாட்டுகளைக் கொண்டுபோனார்கள். வாலிபாலுக்கு முதல் அர்ஜுனா விருது 1961இல் நம் தமிழ்நாட்டுப் பழனிசாமிக்குக் கிடைத்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா வெள்ளி வாங்கியது. 1986இல் சியோலில் வெண்கலம். அந்த அணியில் கேரளத்து ஜிம்மி ஜார்ஜும் இருந்தார். அடுத்த வருஷமே இத்தாலியில் கார் விபத்தில் அவர் இறந்துபோனார் என்ற செய்தியைப் பேப்பரில் படித்த அன்று, எங்கள் கோர்ட்டில் வலை கட்டவில்லை. சியோலுக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆண்கள் வாலிபாலில் நமக்குப் பதக்கமே இல்லை.

இப்படிப்பட்ட பக்தர் வீட்டில் பிள்ளை டி.வி. முன்னால் உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கைத் திருகி, வாலிபால் விளையாடினால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெறும் ஒருவன் இல்லை. தெருப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். என் மனைவி முறுக்கு கொடுத்துக்கொண்டிருப்பாள். நான் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும் கூட்டம் மெதுவாகக் கரையும். "வெளியில கோர்ட் இருக்கு, காத்து இருக்கு, உள்ள உட்கார்ந்து டி.வி.யில பந்தாடறீங்களேடா" என்று திட்டுவேன். நாலு வருஷம் இப்படி ஓடியது. 1989இல், அவன் ஏழாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் 38 மார்க் வாங்கியபோது, பெட்டியை எடுத்து வேட்டியில் சுற்றி டிரங்கில் போட்டுப் பரணில் ஏற்றினேன். "இனிமே கிரவுண்டுக்குப் போ" என்றேன். அவன் கிரவுண்டுக்கும் போகவில்லை. ஆளே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிவிட்டான். "அந்தப் பொட்டிதான் இவனைக் கெடுத்துச்சு" என்று முப்பத்தைந்து வருஷமாக நான் சொல்லிவருகிறேன். இந்தப் பக்கத்திலேயே முன்பு ஒரு பதிவில் எழுதியும் இருக்கிறேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

போகியன்று பெட்டியைத் திறந்தபோது, கார்ட்ரிட்ஜ்களுக்கு அடியில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். பின்பக்கமெல்லாம் பென்சிலில் கட்டம் போட்டு, பெயர்களின் முதல் எழுத்தும் ஸ்கோரும். 15-11, 15-8, 13-15. லீக், அரையிறுதி, இறுதி. அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டியே நடத்தியிருக்கிறார்கள், அதுவும் வருஷக்கணக்காக. முதல் தாளில் என் மகனின் குண்டு குண்டான எழுத்தில் விதிகள்:

'ஒன்று. சின்னப் பசங்களுக்கு முதல் ஆட்டம். இரண்டு. தோற்றவன் அழக்கூடாது. மூன்று. ஒருத்தனே மூணு ஆட்டத்துக்கு மேல் ஆடக்கூடாது. நாலு. கரெண்ட் போனால் அந்த ஆட்டம் செல்லாது.'

பேரன் அதை உரக்கப் படித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். என் மகன் சிரிக்கவில்லை. "எங்க கோர்ட்டுலப்பா, எல்லாருக்கும் ஆட்டம் வரும்" என்றான்.

"ஏன், அங்க மட்டும் வரலையா? எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன்!"

"நீங்க கூப்பிட்டீங்கப்பா. வந்தா எங்கள எங்க நிறுத்துவீங்க? கோட்டுக்கு வெளிய. முள்ளுச் செடிக்குள்ள பந்து போனா ஓடிப்போய்ப் பொறுக்கிட்டு வரணும். தண்ணிக் குடம் தூக்கணும். நீங்க எல்லாம் ஆடி முடிச்சு, சட்டையை மாட்டிட்டு, 'இந்தாங்கடா, இப்ப ஆடுங்க'ன்னு பந்தைக் குடுக்கும்போது இருட்டிடும். பந்து எங்க வருதுன்னே தெரியாது. மூக்குல அடி வாங்கினதுதான் மிச்சம். டி.வி.யில சூரியன் இறங்கினாலும் பந்து தெரியும்ல, அதான் அங்க உட்கார்ந்தோம்."

கோபமாகச் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயதில் எதற்குக் கோபம்? சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஜாய்ஸ்டிக்கைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிட்டான். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அவன் சொன்னது அத்தனையும் உண்மை. நாங்கள் பதினைந்து பதினாறு பேர் வருவோம். ஆறுக்கு ஆறு ஆடினால் மூன்று நான்கு பேர் மிச்சம். அந்த மிச்சப் பெரியவர்களுக்கே இடம் போதாது, பையன்களுக்கு எங்கே? அப்போதெல்லாம் சர்வீஸ் போடுகிற அணி ஜெயித்தால்தான் பாயிண்ட். சமபலமான இரண்டு அணிகள் மாட்டினால் பதினைந்து பாயிண்ட் எடுக்க முக்கால் மணி நேரம்கூட இழுக்கும். ஒவ்வொரு ரேலிக்கும் பாயிண்ட் என்ற விதி வந்ததெல்லாம் 1998க்கு அப்புறம்தான். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் மூன்று ஆட்டம் முடிவதற்குள் வெளிச்சம் போய்விடும். பையன்கள் தினமும் வந்து, நின்று, பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு வராமல் போனார்கள். 'டி.வி. விளையாட்டு கெடுத்துவிட்டது' என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

என் கட்சி இதுதான், நண்பர்களே. நம் பிள்ளைகளை மைதானத்திலிருந்து வீடியோ கேம் இழுத்துக்கொண்டு போகவில்லை. மைதானத்தில் நாம் இடம் கொடுக்கவில்லை, அது கொடுத்தது.

எங்கள் கோர்ட் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அட்டாரி பரணுக்குப் போய் ஐந்து வருஷம் கழித்து, மனைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் ஒரு மூலையில் அஸ்திவாரக் குழி. அப்புறம் இன்னொன்று. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கம்பம் நடவே இடமில்லை. அவர்கள் மனை, அவர்கள் வீடு கட்டினார்கள், தப்பில்லை. ஆனால் நாங்கள் பதினாறு பேரில் ஒருவர்கூட, "வேறெங்காவது ஒரு இடம் கேட்டு மனு கொடுக்கலாம்" என்று வாயைத் திறக்கவில்லை. வயதாகிவிட்டது, முட்டி வலி, பிள்ளைகள் படிப்பு. நமக்கு ஆட வேண்டிய தேவை முடிந்ததும் மைதானத்தின் தேவையும் முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டோம். அதற்கப்புறம் வண்டலூரிலிருந்து அவுட்டர் ரிங் ரோடு நெமிலிச்சேரி வரை வந்தது. மனை விலை எங்கேயோ போய்விட்டது. இன்று நெமிலிச்சேரியில் சும்மா கிடக்கும் இடம் என்று எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் வேலி இருக்கிறது.

அதனால்தான் அந்தப் பூங்கா முக்கியம்.

ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. லேஅவுட் போடும்போது பூங்காவுக்கென்று இடம் விடுவது மனை விற்கிறவர் நமக்குச் செய்யும் தர்மம் இல்லை, சட்டம். திறந்தவெளி ஒதுக்கீடு என்பார்கள், சுருக்கமாக ஓ.எஸ்.ஆர். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமென்றால், சாலைகள் போக மிச்சத்தில் பத்து சதவீதம் பொது உபயோகத்துக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இருந்தால், இடத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடவும் வழி உண்டு. அதற்கு மேல் போனால் பணம் செல்லாது, இடமாகவே விட்டாக வேண்டும். அந்த இடத்தைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஆக, அது சங்கத்தின் இடமும் இல்லை, சுற்றி வீடு கட்டியவர்களின் இடமும் இல்லை. ஊரின் இடம். அதில் யார் விளையாடலாம், யார் கூடாது என்று போர்டு வைக்க நாம் யார்?

கணக்கையும் பார்த்துவிடலாம். எங்கள் பூங்கா சுமார் 37 சென்ட். வாலிபால் கோர்ட், சுற்றிலும் மூன்று மூன்று மீட்டர் ஓடுகிற இடம் விட்டால், 24க்கு 15 மீட்டர், அதாவது 360 சதுர மீட்டர். 9 சென்ட் வரும். ஒன்றரை கிரவுண்டுக்குச் சற்று அதிகம். மொத்த இடத்தில் கால் பங்குகூட இல்லை. மிச்ச முக்கால் பங்கில் நாம் வட்டமாகவும் நடக்கலாம், எட்டு போட்டும் நடக்கலாம்.

மறுப்புச் சொல்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் வயதுக்காரர் ஒருவருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பந்து வந்து இடித்தால் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறார். அது வெறும் முணுமுணுப்பு இல்லை, நிஜமான பயம். அதற்கு வழி, கோர்ட்டின் இரண்டு முனையிலும் கொஞ்சம் உயரமாக வலை கட்டுவது. காலையில் நடப்பவர்களுக்கு முழு இடம், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அந்த ஒரு மூலை பையன்களுக்கு என்று நேரம் பிரிப்பது. ஜன்னல் கண்ணாடி உடையும் என்கிறார் இன்னொருவர். கிரிக்கெட் பந்து என்றால் உடையும். 270 கிராம் வாலிபால் கண்ணாடியை உடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், உடைக்காது என்றும் செய்ய மாட்டேன். உடைந்தால் சங்க நிதியிலிருந்து மாற்றிக்கொடுக்கலாம். ஒரு போர்டு எழுதும் செலவைவிட அது பெரிதாக இருக்காது.

'வெளியூர்ப் பசங்க வருவாங்க, சண்டை வரும்' என்றும் ஒரு பேச்சு. யார் அந்த வெளியூர்ப் பசங்கள்? ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து இறங்கிய நாங்கள் மட்டும் உள்ளூரா? நாங்கள் கோர்ட் போட்டது அடுத்தவன் மனையில்.

இதற்காக வீடியோ கேமுக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. அதன் அளவு எனக்குத் தெரியும். மறுநாள் பேரன் தன் லேப்டாப்பில் அதே பழைய வாலிபாலை எங்கிருந்தோ இறக்கி, என்னையும் ஆடச் சொன்னான். பதினைந்துக்கு நான்கு பாயிண்ட் எடுத்தேன், பெருமையாக இருந்தது. ஆனால் அந்தத் திரையில் என் ஆட்கள் இரண்டு பேரும் ஒரே கையின் சொல்லைக் கேட்டு நகர்கிறார்கள். நிஜக் கோர்ட்டில் அப்படி இல்லை. பந்து இருவருக்கு நடுவே வரும்போது "எனக்கு!" என்று கத்த வேண்டும், கத்தியவனை நம்பி மற்றவன் ஒதுங்க வேண்டும். இருவரும் ஒதுங்கினால் பந்து நடுவில் விழும், அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்க வேண்டும். மறுநாள் மீண்டும் அவனோடுதான் ஆட வேண்டும். அதை 128 பைட்டிலும் கற்றுக்கொடுக்க முடியாது, இன்றைய செல்போனிலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பையன்கள் கூடத்தில் உட்கார்ந்து வேறொன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சின்னவனுக்கு முதல் ஆட்டம். ஒருவனே ஆடிக்கொண்டிருக்கக் கூடாது. எங்கள் மூங்கில் கழி அளவெடுத்த கோர்ட்டில், பத்து வருஷத்தில், இந்த விதியை நாங்கள் ஒரு நாள்கூடப் போட்டதில்லை. அந்தப் பிள்ளைகளை நான் சைக்கிள் ஸ்டாண்டு போட்ட கையோடு விரட்டினேன்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் நானும் மகனும் பேரனும் அந்தப் பூங்காவுக்குப் போனோம். இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே கயிறு கட்டினோம். அங்கே கால்பந்து உதைத்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பையன்கள் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு பையன், பத்து வயது இருக்கும், கயிற்றுக்கு வெளியே நின்று, ஓடிவரும் பந்தையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தான். என் மகன் அவனைக் கூப்பிட்டு முதல் சர்வீஸைப் போடச் சொன்னான். பந்து கயிற்றைத் தாண்டவில்லை. "இன்னொன்னு போடு" என்றான். இரண்டாவது தாண்டியது.

நான் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் சொன்னேன். முட்டி அனுமதித்தால் ஒரு பந்தாவது தூக்கிக் கொடுத்திருப்பேன்.

இத்தனையும் நடந்த பிறகும், போன மாதக் கூட்டத்தில் என் தலை பழக்க தோஷத்தில் ஆடிவிட்டது என்பதுதான் வெட்கம். அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. போர்டுக்கு ஆர்டர் இன்னும் கொடுக்கவில்லை என்று செயலாளர் சொன்னார். போன தடவை ஆட்டிய தலையை இந்த முறை எழுந்து நின்று திருப்பிக்கொள்ளப் போகிறேன். நேரம் பிரித்து ஒரு தாள் தயாராக எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு கம்பத்துக்கும் வலைக்கும் என் பென்ஷனிலிருந்து ஒரு பங்கும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒப்புக்கொள்வார்களா என்று தெரியாது. ஒப்புக்கொண்டால், அங்கே வைக்க ஒரு போர்டு நானே எழுதித் தருவதாக இருக்கிறேன். வாசகம் என்னுடையது இல்லை, அந்தக் காலண்டர் தாளில் இருக்கிற நான்கு விதிகள்தான். கரெண்ட் சமாசாரத்தை மட்டும் மழை என்று மாற்ற வேண்டும்.

உங்கள் பக்கத்துப் பூங்காவில் என்ன போர்டு இருக்கிறது? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.